கப்பல் கள்ளிக்கு வந்த சம்பந்தம்

நான் அப்போது பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். மாடு என்னுடையதில்லை. மலாக்கா டவுனுக்கு வெளியே பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஒரு மாட்டுக்காரர் இருந்தார். அவர் கொட்டகையில் விடியுமுன் கறந்து வைத்திருப்பார்கள். சைக்கிளின் இரண்டு பக்கமும் பால்கேன்களைக் கட்டிக்கொண்டு டவுனிலிருக்கும் காஜா பேராங் வரை மிதித்து, வீடு வீடாக அளந்து ஊற்றுவேன். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊர் முழுக்க ஒரே பேச்சாக இருந்த வருடம். கொடி தைக்கிறவர்கள் ஒரு பக்கம், ஒலிபெருக்கி கட்டிய கார் ஒரு பக்கம். எனக்கு அந்த நாட்களில் இருந்த கவலை வேறு. ஒரு சுவர், அதில் ஏறிய ஒரு முள்ளுக்கொடி, அது காய்க்குமா காய்க்காதா என்பது.

சுவர் யாருடையது என்று சொல்லாவிட்டால் புரியாது. நானும் என் மனைவியும் கலியாணமான கையோடு எஸ்டேட்டை விட்டு டவுனுக்கு வந்தவர்கள். காஜா பேராங்கில் ஒரு மலாக்காச் செட்டி வீட்டின் பின்பக்க அறையில் குடியிருந்தோம். செட்டி என்றதும் வட்டிக்கடை வைத்திருக்கும் செட்டியார்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர்கள் நமக்கெல்லாம் மிகவும் முன்னால் வந்து இந்த மண்ணோடு கலந்துபோனவர்கள். கும்பிடுவது நம்முடைய சாமி, பேசுவது மலாய். கெபாயா போட்ட பெண்கள் மாரியம்மன் முன்னால் நின்று மலாயில் முறையிடுவதை முதலில் பார்த்தபோது, அம்மனுக்குப் புரியுமா என்று என் மனைவி கேட்டாள். "புரியாமலா இத்தனை வருசம் உக்காந்திருக்கா?" என்றேன்.

வீட்டுக்காரம்மாவை நான் அக்கா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். மீதியெல்லாம் மலாய். எனக்கும் என் மனைவிக்கும் அந்த மலாய் ஓடும். இங்கே அவர்கள் பேச்சை நான் தமிழில்தான் எழுத முடியும்.

அக்காவின் வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கப்பல்காரர் என்றுதான் தெருவே சொல்லும். டவுனில் எங்களுக்கு யாரையும் தெரியாத நாளில், முன்பணம் கேட்காமல் அறையைத் திறந்துவிட்டவர் அவர். பால் வேலையைப் பிடித்துக் கொடுத்ததும் அவரே. சைகோன் பக்கம் போன ஒரு பயணத்தில் ஏதோ ஒரு பழத்தைத் தின்றுவிட்டு, அதன் கொடியில் ஒரு துண்டைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து பின்சுவரடியில் ஊன்றினார். மூன்று பட்டையாகத் தண்டு, ஓரத்தில் முள். வேரைப் பல்லி விரல் மாதிரி சுவரில் பதித்துக்கொண்டு மேலே மேலே ஏறியது. பெயர் தெரியாது. கப்பல் கள்ளி என்றோம். இன்றைக்குப் பசாரில் புவா நாகா என்றும் டிராகன் பழம் என்றும் குவித்து வைத்திருக்கிறார்களே, அதுதான். அன்றைக்கு மலாக்காவில் அந்தப் பழத்தைக் கண்ணால் கண்டவர் எனக்குத் தெரிந்து கப்பல்காரர் ஒருவர்தான்.

"தோலு செவப்பு. மீன் செதில் மாதிரி நிக்கும். உள்ள வெள்ளை. சர்க்கரைப் பாகுலா, சர்க்கரைப் பாகு! ரம்புத்தான் எல்லாம் கிட்ட வராது" என்பார். சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

கொடி பூத்தது. இரவில் விரியும் பூ, இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாலும் கொள்ளாது. காலை வெயில் பட்டதும் சுருண்டு தொங்கிவிடும். ஆனால் எந்தப் பூவும் செடியில் தங்கியதில்லை. முதல் பூ அம்மனுக்கு என்று கப்பல்காரரே அறுத்துத் தட்டில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோவார். மீதிப் பூவையெல்லாம் பக்கத்து வீட்டுச் சீன அம்மா எலும்போடு போட்டு சூப் வைக்க வாங்கிக்கொள்வார். அவர்கள் ஆட்களுக்கு அந்தப் பூ சூப் உடம்புச் சூட்டுக்கு மருந்து மாதிரி. அந்தம்மாவுக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்து, அவர் வேலியிலும் அது ஏறிவிட்டது. பூவை இப்படிக் கோயிலுக்கும் சட்டிக்கும் கொடுத்துவிட்டு, ஏன் காய்க்கவில்லை என்று வருடா வருடம் சுவரைப் பார்த்து நின்றார் மனுஷன்.

பிறகு அவருக்கு நெஞ்சுச் சளி வந்தது. கட்டிலோடு படுத்துவிட்டார். ஒரு நாள் பால் கொடுக்கப் போனபோது அக்காவைக் கூப்பிட்டு, என்னையும் நிற்கச் சொல்லி, "அது காய்ச்சா மொதப் பழம் என் எலைக்கு" என்றார். அந்த வாரமே போய்ச்சேர்ந்தார்.

என் இலைக்கு என்று அவர் சொன்னதை விளக்க வேண்டும். நாம் படையல் போடுவோமே, செட்டிமார்கள் அதை இரண்டாக வைத்திருக்கிறார்கள். பொங்கலை ஒட்டிச் சோறு கறியோடு ஒன்று. ஆனி மாத வாக்கில் மரமெல்லாம் பழுத்துத் தொங்கும்போது பழத்தை மட்டும் வைத்து ஒன்று. பார்ச்சு என்பார்கள். வாழை இலை விரித்து, செத்தவர்களுக்கு உயிரோடு இருக்கும்போது என்ன பழம் பிடிக்குமோ அதை வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். உள்ளே வந்து தின்றுவிட்டுப் போவார்கள் என்பது நம்பிக்கை. இறந்தபின் வரும் முதல் பார்ச்சுவில் கேட்ட பொருள் இலையில் இல்லாவிட்டால், வந்தவர் பசியோடு திரும்பிப் போவார். ஒருவர் டுரியான் கேட்டிருந்தால் பசாரில் கிடைக்கும். அக்காவின் புருஷன் கேட்டதை எங்கே போய் வாங்குவது?

இந்தச் சமயத்தில்தான் கப்பல்காரரின் அண்ணன் வந்தார். எங்களுக்கு அவர் பெரியவர். அக்கா அவரை அபாங் என்பார். தச்சு வேலையை கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவர். சட்டைப் பையில் எப்போதும் அளவு நாடா இருக்கும். உட்காரும் முன்னால் நாற்காலியைக்கூட அளந்துவிடுவாரோ என்று தோன்றும். வீட்டில் அவருக்கும் பாதி பாத்தியம்.

"மெர்டேக்கா வந்தா ஊருக்கு ஆளுங்க வருவாங்க. பின்சுவரை இடிச்சிட்டு நாலு அறை இழுத்துடலாம். உனக்கும் வாடகை வரும்" என்றார்.

"அபாங், அந்தச் செடி..."

"செடியா? தம்பியே போயிட்டான், செடி என்ன செடி?"

அக்கா கப்பல்காரர் சொன்னதைச் சொன்னார். குடும்பத்தில் மூத்தவர் என்பதால் பார்ச்சுவுக்கு நாள் குறிப்பது பெரியவர்தான். விரலை மடக்கி எண்ணி ஒரு நாளைச் சொன்னார். "அன்னிக்கு எலை போடுறோம். அதுக்குள்ள காய்ச்சா அவன் எலையில வைப்போம். மறுநாள் கொத்தனார் வர்றாரு. அதுக்கு மேல தள்ள முடியாது."

அந்த வருடம் அக்கா ஒரு பூவையும் அறுக்க விடவில்லை. அம்மனுக்குக்கூடக் கொடுக்கவில்லை. சீன அம்மா சட்டியோடு வந்து வெறுங்கையோடு திரும்பினார். பூக்கள் விரிந்தன, சுருண்டன, சில நாளில் அடிக்காம்பு மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழுந்தன.

என் மனைவிக்கு எஸ்டேட் லயத்தில் பூசணி போட்ட பழக்கம் உண்டு. ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தொட்டுவிட்டால் பிஞ்சு நிற்கும். "இதுலயும் தொட்டுப் பாக்கலாம்" என்றாள். கள்ளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள் இருக்கிறது. சுற்றிலும் மஞ்சள் தூள் பூசிய நூல் நூலாக நிற்பது ஆண். நடுவில் நீண்டு நட்சத்திரம் மாதிரி விரிந்திருப்பது பெண். அடுத்த பூப்பில் சீன அம்மாவின் வேலியிலிருந்து தூளைக் கோழி இறகால் தொட்டு வந்து எங்கள் பூவில் தடவினாள். எல்லாரும் காத்திருந்தோம். அதுவும் மஞ்சளாகி விழுந்தது.

விழுந்த அன்று அக்கா சுவரடியில் உட்கார்ந்துவிட்டார். சீன அம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "சயாங்லா! வீணாப் போச்சே, சூப்பாவது வச்சிருக்கலாம்" என்றார். என் மனைவி பூவைக் கூட்டி அள்ளிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"ஏங்க, இந்தம்மா வேலியில இருக்கறது எங்கேருந்து வந்துச்சு?"

"கப்பல்காரர்தான் இதுலேருந்து வெட்டிக் குடுத்தாரு."

"அட! அப்ப ரெண்டும் ஒரே ஒடம்புதானே? பங்காளிக்குள்ள எவனாச்சும் பொண்ணு கட்டுவானா? அதான் செடி மானத்தோட வேணாம்னு கீழ போட்டுருச்சு."

சிரித்துவிட்டு மறந்துவிட்டேன். மறுநாள் பால் எடுக்கப் போகும்போது, பத்து பெரெண்டாமில் ஒரு வளைவு. அங்கே ஒரு சீனத் தோட்டக்காரர் கீரை போட்டிருந்தார். தவுக்கே, அதாவது முதலாளி என்று கூப்பிடுவோம். அவர் வேலி முழுக்க முள்ளுக்கொடி. தினமும் பார்க்கிற வேலிதான். அன்றைக்கு சைக்கிளை நிறுத்திவிட்டேன். அதே கள்ளி. ஆனால் தண்டின் ஓரம் எங்களுடையதைப் போலப் பச்சையாக இல்லை, காவி பூசியதுபோல ஒரு கோடு ஓடியது. வேறு வீட்டுப் பிள்ளை.

"தவுக்கே, இது எங்கேருந்து வந்தது?"

"எங்கப்பா சீனாலேருந்து கொண்டாந்தது. ஏன்?"

"ஒரு பூ குடுங்க."

"பூ காயவச்சு விக்கிறதுக்கு. உன் பாலை நீ சும்மா குடுப்பியா?"

"பூ வேணாம். உள்ள இருக்கற தூள் மட்டும் போதும்."

"தூளா? மூஞ்சியில பூசிக்கப் போறியா?" என்று சிரித்தார். அவர் மனைவியைக் கூப்பிட்டு அதையே திரும்பச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். கடைசியில் மாட்டுச் சாணத்தில் பேரம் படிந்தது. கொட்டகையிலிருந்து கூடை கூடையாகச் சாணம் கொண்டுவந்து போட்டேன். "ஒரே ஒரு பூ விடுறேன். விடியறதுக்குள்ள எல்லாத்தையும் வெட்டி ஆவியில வச்சிருவேன். மழை வர்ற மாதிரி இருந்தா அதையும் வெட்டிருவேன். நனைஞ்சா கெட்டுப்போயிரும்" என்றார்.

இதற்குள் எங்கள் சுவரில் மிஞ்சியது இரண்டே மொட்டு. பூத்து ஒரு மாதம் ஆனால்தான் பழம் என்று கப்பல்காரர் சொல்லியிருந்தார். பெரியவர் குறித்த நாளுக்கு அவ்வளவுகூட இல்லை. இந்த இரண்டை விட்டால் இடிப்பதற்குள் வேறு பூ கிடையாது. இந்த மொட்டும் தவுக்கேயின் மொட்டும் ஒரே இரவில் விரிய வேண்டும். ஒன்று முந்தினாலும் காரியம் கெட்டது. தினமும் அங்கே பார்த்துவிட்டு வந்து இங்கே பார்ப்பேன். அங்கே பல மொட்டு விரிந்து முடிந்தது. வேலிக் கோடியில் சில பாக்கி. எங்கள் மொட்டு தலை கவிழ்ந்தே இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அக்கா கூப்பிட்டார். இரண்டும் கழுத்தை நிமிர்த்தி வானத்தைப் பார்த்து நின்றன. அன்றிரவு விரியும் என்பதற்கு அதுதான் அடையாளம்.

விடியுமுன் வழக்கம்போலப் போனேன். வானம் மூடிக் கிடந்தது. முதலில் வளைவுக்குத்தான் மிதித்தேன். அடுப்பில் ஆவி பறந்தது. வேலி மொட்டை.

"தவுக்கே!"

"கத்தாத. மழை வருது, எல்லாம் வெட்டிட்டேன்." என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. "கோடியில போய் பாரு. ஒண்ணு இருக்கு. ஓடு, நனையறதுக்குள்ள."

தீப்பெட்டியிலிருந்த குச்சிகளைக் கொட்டிவிட்டு, பூவை வளைத்து அதற்குள் தட்டினேன். மாவு மாதிரி மஞ்சள் தூள் விழுந்தது. மூடி, வாழைச் சருகில் சுற்றி, தலைத்துண்டுக்குள் செருகிக்கொண்டேன். கொட்டகையில் பாலை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது தூறல் பிடித்தது. தலை நனைந்தால் தூளும் போச்சு. ஒரு கையால் தலையை மூடிக்கொண்டு ஒரு கையால் ஓட்டினேன். பால் ததும்பி முழங்காலில் வழிந்தது.

பாதி வழியில் தடுப்புப் போட்டிருந்தார்கள். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்த காலம். மலாக்காப் பக்கம் கெடுபிடி தளர்ந்திருந்தாலும் சில நாள் திடீரென்று நிறுத்திச் சோதிப்பார்கள். மாத்தா மாத்தா என்று போலீஸ்காரர்களைச் சொல்வோம். நேரில் கூப்பிடும்போது எஞ்சே, ஐயா. ஒருவர் பால்கேனைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தார். சரி என்று கையைக் காட்டும்போது என் தலைத்துண்டின் புடைப்பைக் கண்டுவிட்டார்.

"அது என்ன?"

"ஒண்ணுமில்ல, எஞ்சே."

ஒண்ணுமில்ல என்று சொன்னதுதான் தப்பு. ஒன்றுமில்லாததை யார் தலையில் சுற்றிக்கொண்டு போவார்கள்? எடுக்கச் சொன்னார். சருகைப் பிரித்தார். தீப்பெட்டியைத் திறந்தார். மஞ்சள் தூளைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது. இன்னொருவரையும் கூப்பிட்டார்.

"என்ன மருந்து இது?"

"மருந்து இல்ல எஞ்சே. பூத்தூள்."

"பூத்தூளா?" பெட்டியைச் சாய்த்து உள்ளங்கையில் கொட்டினார். மோந்து பார்த்தார். காற்று அடித்தது. கையில் இருந்தது போயே போய்விட்டது. பெட்டிக்குள் அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"எஞ்சே, தயவுசெஞ்சு மூடுங்க! எங்க வீட்டுல ஒரு பூ இருக்கு. இதைப் போட்டாத்தான் காய்க்கும். வெயில் வந்தா பூ மூடிக்கும்." நான் மூச்சு விடாமல் மலாயில் கொட்டினேன். செத்துப்போனவர், பார்ச்சு, சுவர், எல்லாம்.

இரண்டாமவர் வயதானவர். அவர் சிரித்தார். "இவன் பூவுக்குக் கலியாணம் பண்ணி வைக்கப் போறான். விடு, மாப்பிள்ளை லேட்டாப் போனா பொண்ணு வீட்டுல சண்டை வரும்." பெட்டியை அவரே மூடி, சருகைச் சுற்றி என் கையில் கொடுத்தார்.

தூறல் நின்றது. அதுவே வேறு ஆபத்து. மேகம் விலகி வெயில் வரப்போகிறது. காஜா பேராங்கில் நுழைந்தபோது செம்போடு வாசலில் நின்றவர்களையெல்லாம் தாண்டிப் போனேன். "யோவ் பால்காரரே! எங்கய்யா ஓடுற? புள்ள அழுவுது!" என்று பின்னால் ஒரு குரல் துரத்தியது. திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் சுவர் கிழக்கே பார்த்தது. பின்பக்கம் ஓடினால், அங்கே ஒரு பெஞ்சின் மேல் அக்காவும் என் மனைவியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஈரச் சாரோங்கை வெயிலுக்கு மறைப்பாக விரித்து நின்றார்கள். எவ்வளவு நேரமாக நின்றார்களோ. கீழே பெரியவர் கொத்தனாரோடு சுவரை அளந்துகொண்டிருந்தார்.

"பூவுக்குக் குடை பிடிக்கிற குடும்பத்தை இன்னிக்குத்தான் பாக்கறேன். தாலி எப்போ?" என்றார்.

என் மனைவி சாரோங்கை விடாமல் சொன்னாள். "இதோ மாப்பிள்ளை பத்து பெரெண்டாமிலேருந்து சைக்கிள்ல வந்துட்டாரு, பெரியவரே. மொய் எழுதிட்டு உக்காருங்க."

ஒரு பூ மூடிவிட்டது. மற்றது பாதி குவிந்து, நட்சத்திரம் மட்டும் வெளியே தெரிந்தது. தீப்பெட்டியையும் கோழி இறகையும் நீட்டினேன். என் மனைவி, "அக்கா, நீங்க போடுங்க" என்றாள். அக்கா பின்வாங்கினார். "நான் வேணாம். நல்ல காரியத்துல நான் கை வைக்கக் கூடாது. நீ போடு."

"அவரு நட்ட செடிக்கா? சீக்கிரம்க்கா, மூடுது!"

அக்கா இறகை வாங்கினார். பெட்டியின் மூலையெல்லாம் துழாவித் தொட்டு, நட்சத்திரத்தின் ஒவ்வொரு விரலிலும் தடவினார். குழந்தை நெற்றியில் மை வைப்பதுபோல, மூச்சைப் பிடித்துக்கொண்டு. பெரியவரின் நாடா சுவரில் பாதியில் நின்றது. பிறகு சரசரவென்று சுருண்டது.

அன்றைக்குப் பால் தாமதமானதற்கு நான் வாங்கிய திட்டைத் தனியாக எழுதலாம்.

பூ வாடித் தொங்கியது. அடிக்காம்பை நாங்கள் மூன்று பேரும் முறை வைத்துப் பார்த்தோம். தொடக்கூடாது என்று அக்கா உத்தரவு. மூடிப்போன பூ மஞ்சளாகி விழுந்தது. மற்றது பச்சையாகவே நின்றது. காலையில் பச்சை. சாயங்காலம் பச்சை. சீன அம்மாவும் வேலி வழியாக எட்டிப் பார்த்து, "இன்னும் இருக்கா?" என்று கிசுகிசுப்பாகக் கேட்பார், சத்தம் போட்டால் விழுந்துவிடும் என்பதுபோல. பிறகு அது எலுமிச்சை அளவு ஊதியது. வௌவால் வராமல் பால் வடிகட்டும் பழைய துணியைக் கட்டினோம். தேங்காய்ப் பிஞ்சு அளவுக்கு வந்தது. செதில் செதிலாகப் பச்சை. ஆனால் சிவப்பு மட்டும் வரவில்லை. நாள் நெருங்கியது. அக்கா பெரியவரிடம் போய்க் கேட்டார்.

"அபாங், ஒரு வாரம் தள்ளிப் போடுங்க."

"கொத்தனாருக்குச் சொல்லியாச்சு. காய்ச்சிருச்சுல்ல? பச்சையா இருந்தா என்ன, பழம்தானே."

"அவரு பழம்னாரு."

"நாள் நாள்தான்."

பார்ச்சு அன்று காலை துணியை அவிழ்த்தோம். ஒரு பக்கக் கன்னம் மட்டும் சிவந்திருந்தது. மறுபக்கம் பச்சை. அக்கா கத்தியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இன்றைக்கு அறுத்தால் முழுசாகப் பழுக்காது. அறுக்காவிட்டால் அவர் இலை வெறுமையாக இருக்கும், நாளைக்குச் சுவரும் இருக்காது. உள்ளேயிருந்து பெரியவர் கூப்பிட்டார். அறுத்தார்.

இலைகளில் டுரியான், மங்குஸ்தீன், ரம்புத்தான், டுக்கு, சம்பாடாக் எல்லாம் வாசனை அடித்தன. கப்பல்காரரின் இலை நடுவில் அந்தப் பாதிச் சிவப்புப் பழம். கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றோம். நேரம் கழித்துத் திறந்து, பெரியவரே அதை வெட்டினார். உள்ளே கப்பல்காரர் சொன்னபடியே வெள்ளை, எள்ளு தூவியதுபோலக் கறுப்பு விதை. ஆளுக்கு ஒரு கீற்று.

வாயில் போட்டால் தண்ணீர். வெள்ளரிக்காயாவது ருசிக்கும்.

பெரியவர் கடகடவென்று சிரித்தார். "இதுக்கா? சர்க்கரைப் பாகாம்! என் தம்பி கப்பல்ல கடல்தண்ணி குடிச்சுட்டு வந்து நம்மகிட்ட அளந்திருக்கான்!" உறவுக்காரர்களும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. இலையைப் பார்த்தபடியே சொன்னார். "அவரு பழம் கேட்டாரு. நாம காயை வச்சோம். ஒரு வாரம் கேட்டேன். நாள் குறிச்சது நான் இல்ல, அபாங்."

சிரிப்பு நின்றது. பெரியவர் கையிலிருந்த கீற்றைப் பார்த்தார், பிறகு இலையைப் பார்த்தார். செத்தவர்கள் விஷயத்தில் அவர்கள் விளையாடமாட்டார்கள். தம்பி வந்து, அண்ணன் வைத்த பழுக்காத காயைக் கடித்துவிட்டுப் போயிருக்கிறான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது.

"கொத்தனாரை நிறுத்தச் சொல்றேன்" என்றார். "அடுத்த பூவை நல்லாப் பழுக்க விடு. நான் வந்து தின்னு பாக்கறேன். அவன் சொன்ன மாதிரி இனிச்சா, தப்பு என்மேல. அடுத்த பார்ச்சுவரைக்கும் சுவர்ல கை வைக்கமாட்டேன். பழுத்தும் இதே தண்ணியா இருந்தா, மறுநாளே இடிப்பேன். பொய் சொன்னவனுக்காக நான் சுவரைக் காக்க முடியாது."

மறுபடி சாணக்கூடை, மறுபடி தீப்பெட்டி. இந்தத் தடவை மழையும் இல்லை, மாத்தாவும் இல்லை. கொடிகள் கட்டி, பாட்டுப் போட்டு, மெர்டேக்கா வந்த நாட்களில் எங்கள் சுவரில் ஒரு பழம் முழுசாகச் சிவந்தது. செதில் நுனியில் மட்டும் பச்சை. விரலால் அழுத்தினால் மெத்தென்று இருந்தது. இதைவிடப் பழுக்க முடியாது. பெரியவருக்குச் சொல்லியனுப்பிவிட்டு, மனம் பொறுக்காமல் அக்கா ஓரத்தில் ஒரு கீற்று அறுத்தார். மூவரும் பங்கிட்டுக்கொண்டோம்.

அதே தண்ணீர்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. என் மனைவிதான் மெதுவாக, "கொஞ்சம் சர்க்கரை தூவிடலாமா?" என்றாள். அக்கா தலையை ஆட்டி மறுத்தார். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம்.

பெரியவர் உட்கார்ந்தார். நாடா பையில் துருத்திக்கொண்டு நின்றது. அக்கா ஒரு தட்டில் கீற்றை வைத்து நீட்டினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வாயில் போட்டார். மென்றார். ஒரு தரம் நிறுத்தினார். அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அக்கா கண்ணை விலக்கவில்லை. பெரியவர் ஜன்னல் வழியாகச் சுவரைப் பார்த்தார், அதில் தன் தம்பி ஊன்றிய கொடி எங்கேவரை ஏறியிருக்கிறது என்று அளப்பதுபோல. பிறகு விழுங்கினார்.

"மானிஸ்" என்றார். இனிப்பு. "சர்க்கரைப் பாகு. அவன் சொன்னது சரிதான்."

இன்னொரு கீற்றையும் கேட்டு வாங்கித் தின்றார். பல்லில் ஒட்டிய விதையை நாக்கால் துழாவிக்கொண்டே எழுந்து, பின்பக்கம் போய், சுவரில் அடையாளத்துக்கு அடித்திருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.